வேலை கேட்கும் நாய்

நாய் என்றதும் வாயிலிற் படுத்திருந்து வீடு காக்கும் பிராணியே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயின், இங்கிலாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புற மலைச்சாரல்களிலே தோன்றிய 'போடர் கொலி' என்னும் நாய்க்குச் சும்மா கிடத்தலே பெருந்தண்டனையாகும். மந்தையை நடத்துவதற்கென்றே வழிவழியாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம் அது.

1893ஆம் ஆண்டிலே நோதம்பர்லாந்தில் அடம் ரெல்ஃபர் என்பவரிடத்துப் பிறந்த 'ஹெம்ப்' என்ற நாய் இவ்வினத்தின் மூதாதையெனப் போற்றப்படுகின்றது. அது குரைத்தும் கடித்தும் ஆடுகளை மருட்டவில்லை. உடலைத் தாழ்த்திப் பதுங்கி, கூரிய பார்வையினாலேயே அவற்றை நடத்திற்று. அதன் வழிவந்தவை இன்றும் இடையனின் சீழ்க்கையொலி கேட்டு, வலமாகவும் இடமாகவும் வளைந்தோடி, தொலைவில் மேயும் ஆடுகளை அவனிடம் கொணர்கின்றன.

இவ்வினத்தின் அறிவோ வியக்கத்தக்கது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜோன் பில்லி என்னும் உளவியற் பேராசிரியர் வளர்த்த 'சேசர்', மூன்றாண்டுப் பயிற்சியில் 1,022 விளையாட்டுப் பொருள்களின் பெயர்களைக் கற்றது. அவ்வாய்வு 2011இல் வெளியாயிற்று.

இத்தகைய பிராணியை அழகு கண்டு வாங்கி, சிறிய வீட்டில் அடைத்துவிட்டால் நேர்வது யாது? மேய்க்க ஆடின்றிச் சைக்கிளையும் மோட்டார் வண்டியையும் துரத்தும், ஓடி விளையாடும் குழந்தைகளின் குதிகாலைக் கவ்வும், நிழலையே விரட்டும். 'பொல்லாத நாய்' என்று பழித்து அகற்றிவிடுவோரும் உளர். குற்றம் நாயினதன்று. வகுப்பிலே குறும்பு செய்யும் கூரிய மாணவனுக்குப் பிரம்பினும் கடினமான ஒரு கணக்கே நன்மருந்தென்பதை ஆசிரியராகிய நாம் கண்டிருக்கின்றோம். இந்நாயின் நிலையும் அதுவே.

பந்தை ஓயாது எறிந்தாற் போதுமெனக் கருதுவது பிழை. உடல் களைக்குமேயன்றி உள்ளம் அடங்காது. வெயில் தணிந்த வேளைகளிலே பாதுகாப்பான வெளியில் ஓடவிடுதல் வேண்டும். அதனோடு, ஒளித்த பொருளை மோப்பம் பிடித்துத் தேடுதல், பொருள்களைப் பெயரால் அறிதல், ஏவியவுடன் நிற்றல் ஆகியவற்றை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பயிற்றல் வேண்டும். வேலை முடிந்ததும் அமைதியாகக் கிடக்கவும் பழக்கவேண்டும். ஓய்வும் அதற்கு ஒரு பாடமே. எலும்பு முற்றாத குட்டியை நெடுந்தூரம் ஓட்டலாகாது.

இந்நாய் 12 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆதலின், 'அத்தனை காலமும் நாள்தோறும் இதற்கு வேலை கொடுக்க நம்மால் இயலுமா?' என்று வாங்குமுன் வீட்டார் அனைவரும் கூடி ஆலோசித்தல் நன்று. இயலாதெனின், அமைதியான வேறோர் இனத்தைத் தேர்வதே நாய்க்கும் நமக்கும் நலமாம்.