இசை முதுகலையில் விடுபட்ட தாள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையோரம் உள்ள தளியில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இசையில் எம்.ஏ. படிக்க ஆசை வந்தால் அவள் நடக்க வேண்டிய பாதை நீண்டது. ஆனால் புரிந்துகொள்ள முடியாதது அல்ல. கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. ஏழாம் வகுப்பு தேறியிருந்தால் குரலிசையிலோ வயலினிலோ மிருதங்கத்திலோ சேரலாம். நாதஸ்வரம், தவில், தேவாரம் கற்க எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மூன்று ஆண்டுகளில் சான்றிதழ் கிடைக்கும். அடுத்த படி சென்னை, கோவை, மதுரை, திருவையாறு ஆகிய ஊர்களில் உள்ள அரசு இசைக் கல்லூரிகள். பிளஸ் டூ முடித்திருந்தால் இளங்கலை, அதன்பின் இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர் முதுகலை. வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்களையும், பாடிக் காட்டும் தேர்வில் தேறினால், முதுகலையில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. தளிக்குக் கிருஷ்ணகிரியைவிட பெங்களூரு பக்கம். கர்நாடகத்தில் ஜூனியர், சீனியர், வித்வத் என்று படிப்படியாக இசைத் தேர்வுகள் உண்டு. மைசூரில் கங்குபாய் ஹானகல் பெயரில் இசைப் பல்கலைக்கழகமே இருக்கிறது.

உள்ளே போனபின் முதுகலை என்ன கேட்கிறது? பாடத்திட்டங்கள் ஊருக்கு ஊர் மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். வர்ணம், கிருதி, பதம், தில்லானா என்று கற்பித்தபடி பாடும் தாள்கள். ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம், ராகம் தானம் பல்லவி என்று மனோதர்மத்தைச் சோதிக்கும் தாள்கள். இசை வரலாறு, லட்சண நூல்கள், தாள இலக்கணம், ஒலியியல் ஆகிய எழுத்துத் தாள்கள். கடைசியில் ஒரு சிறு ஆய்வேடும் மேடைக் கச்சேரியும். இதில் 55 விழுக்காடு மதிப்பெண் எடுத்தவர், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் என்றால் 50 விழுக்காடு எடுத்தவர், பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வை எழுதலாம். முனைவர் பட்டத்துக்கு 2022-இல் வந்த விதிகளின்படி குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஆறு ஆண்டு, 12 கிரெடிட்டுக்குக் குறையாத பாட வகுப்பு, பிறகு ஆய்வேடு. எம்.ஃபில். அந்த விதிகளோடு முடிந்துபோயிற்று. இத்தனையும் தேவையான நிபந்தனைகள்தாம். ஆனால் கர்நாடக இசையில் உயர்பட்டம் தரும் முன் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்றை இந்தப் பட்டியல் கேட்கவில்லை. பாடுகிற மொழி உனக்குத் தெரியுமா என்ற கேள்விதான் அது. ஆங்காங்கே ஒரு கல்லூரி தெலுங்கு வகுப்பு நடத்தலாம். பட்டத்துக்கான பொது நிபந்தனையாக அது எழுதப்படவில்லை.

இந்த இசையின் சரக்கு எந்தெந்த மொழிகளில் கிடக்கிறது என்று பார்த்தாலே இந்த விடுபடல் எவ்வளவு பெரியது என்பது விளங்கும். தொடக்கப் பயிற்சிகளை வகுத்தவராகப் போற்றப்படும் புரந்தரதாசர் பாடியது கன்னடத்தில். தியாகராஜர் திருவையாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடினார். சியாமா சாஸ்திரியின் பாடல்களிலும் தெலுங்கே மிகுதி. முத்துசாமி தீட்சிதர் வடமொழி. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் என்று தமிழில் தனி ஓட்டம். ஆய்வுக்கு வந்தால் நிலைமை இன்னும் கூர்மையாகிறது. தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர், சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவத் தமிழரின் தூண்டுதலால் தொகுத்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் எட்டயபுரத்தில் அச்சானது. கரிசல் மண்ணில் அச்சான அந்த நூல் தெலுங்கு எழுத்தில் இருந்தது. பிற்பாடு மியூசிக் அகாதெமி அதைத் தமிழில் கொண்டுவந்தது பெருந்தொண்டு. என்றாலும் மூலத்தில் ஒரு கமகக் குறி எங்கே விழுகிறது என்று சரிபார்க்க நினைப்பவர் தெலுங்கு எழுத்தைப் படித்தே ஆக வேண்டும். தியாகராஜரின் நேர்ச் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரின் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் தமிழும் தெலுங்கும் மராத்தியும் வடமொழியும் அடுத்தடுத்த அலமாரிகளில் இருக்கின்றன. இவற்றின் பக்கமே போக முடியாத ஒருவருக்கு இசையாய்வில் முனைவர் பட்டம் தருவது என்ன நியாயம்?

மேடையிலும் இதே குறை ஒலிக்கிறது. நம் பாட்டுப் புத்தகங்கள் தெலுங்குப் பாடலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டு, க-வுக்கும் த-வுக்கும் மேல் 1, 2, 3, 4 என்று எண் போட்டு ஒலியைக் காட்டுகின்றன. உச்சரிப்புக்கு அது ஓரளவு உதவும். சொல் எங்கே முடிகிறது, அடுத்த சொல் எங்கே தொடங்குகிறது என்பதை அந்த எண்கள் சொல்லாது. தாளத்துக்கு வசதியாக ஒரு சொல்லை நடுவில் வெட்டி, அதன் வாலை அடுத்த சொல்லோடு ஒட்டிப் பாடினால் தெலுங்கு அறிந்தவருக்கு அது வேறு பொருள் தரும். பல சமயம் பொருளே தராது. நிரவலில் இது அப்பட்டமாகத் தெரியும். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப விரித்துப் பாடும்போது அந்த வரி ஒரு முழுக் கருத்தாக நிற்க வேண்டும். கருத்து எங்கே முடிகிறது என்று தெரியாதவர் பாதி வாக்கியத்தை எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் உழைக்கிறார். இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் பிராசம் நம் எதுகைதான். அதைக் கவனித்தால் அடியின் அமைப்பும் எடுப்பும் தாமாகவே பிடிபடும். மொழியைக் கற்பிக்காமல் இதை எந்த ஆசிரியரும் காதுவழி மட்டும் புகட்டிவிட முடியாது.

மேற்கத்திய இசைப் பட்டங்களில் இந்தக் கேள்வி எப்போதோ கேட்கப்பட்டுவிட்டது. அமெரிக்கக் கல்லூரிகளில் குரலிசை முதுகலை படிப்பவர் இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளின் உச்சரிப்பைப் பாடமாகவே கற்று, அந்த மொழிகளில் பாடிக் காட்ட வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. இசையியல் முனைவர் பட்டத்துக்கு அயல்மொழி வாசிப்புத் தேர்வு நெடுங்காலமாக இருந்துவருகிறது; சில பல்கலைக்கழகங்கள் அண்மையில் தளர்த்தியும் இருக்கின்றன. கலிபோர்னியாவில் மேண்டில் ஹூட் என்ற பேராசிரியர் 1960-இல் இன்னொரு படி மேலே போனார்: வேற்று நாட்டு இசையை ஆராய வருகிறவர் அதைப் பாடவோ வாசிக்கவோ கற்றாக வேண்டும் என்று வாதிட்டார். கலைப் பயிற்சியும் மொழியும் ஆய்வும் ஒருவரிடம் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு நம்மவரே சான்று. கச்சேரிப் பாடகராகவும் ஆசிரியராகவும் விளங்கிய எஸ். இராமநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1974-இல் முனைவர் பட்டம் பெற்றது சிலப்பதிகார இசை பற்றிய ஆய்வுக்காக. பழந்தமிழைப் படிக்கத் தெரியாத பாடகராலும் பாடத் தெரியாத புலவராலும் அதை எழுதியிருக்க முடியாது. அந்தச் சிலப்பதிகாரத்திலேயே, அரங்கேற்று காதையில், இசையாசிரியனுக்கு வேண்டிய தகுதிகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. யாழும் குழலும் மிடறும் தண்ணுமையும் அறிந்தால் போதாது. தேசந்தோறும் வழங்கும் ஓசைகளைப் பிழையற உணர்ந்திருக்க வேண்டும். கவியின் குறிப்பை அறிந்திருக்க வேண்டும். இன்றைய பாடத்திட்டக் குழுக்கள் அந்தக் காதையை ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மொழியறியாமலே மனத்தை உருக்கிய பாடகர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்களுக்கு மேடை தர சபாக்கள் உண்டு, தரம் தர வானொலி உண்டு. பெருங்கலைஞரைப் பட்டமில்லாமலே வகுப்பறைக்கு அழைத்துவர 2022-இல் மானியக் குழு வகுத்த நடைமுறைப் பேராசிரியர் திட்டமும் உண்டு. முதுகலைப் பட்டம் குரலுக்குத் தரும் பரிசு அல்ல. இவர் இந்த இசையை விளக்கவும் அடுத்தவருக்குக் கற்பிக்கவும் வல்லவர் என்று பல்கலைக்கழகம் ஊருக்குத் தரும் உறுதி. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் இசைக்கல்லூரி தொடங்கியபோதும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டைகர் வரதாச்சாரியாரை வைத்து இசைப் படிப்பு தொடங்கியபோதும், குருகுலம் கொடுத்ததற்கு மேலாக ஒன்றைக் கொடுக்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் தொடங்கினார்கள். பாடாந்தரத்தை மட்டும் திருப்பிக் கேட்பதாக இருந்தால் பல்கலைக்கழகம் எதற்கு?

தமிழிசைக்காக நிற்பவர்கள் எழுப்பும் மறுப்பு இதைவிடக் கனமானது. தமிழ் மாணவருக்கு ஏன் தெலுங்கைக் கட்டாயமாக்க வேண்டும், மறுபடியும் பழைய ஆதிக்கமா என்று அவர்கள் கேட்கலாம். 1941-இல் சிதம்பரத்தில் கூடிய தமிழிசை மாநாட்டின் உயிர்க் கேள்வி, கேட்பவருக்கும் பாடுபவருக்கும் பொருள் விளங்க வேண்டும் என்பதுதான். பொருள் முக்கியம் என்று ஒப்புக்கொண்டால் அது எல்லா மொழிக்கும் பொருந்தும். ஆகவே நிபந்தனை இப்படி இருக்கலாம்: தமிழ்நாட்டில் இசை முதுகலை படிக்கும் எல்லாரும் தேவாரத்தையும் சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதிகளையும் பொருளோடு படிக்க வேண்டும், அதோடு தெலுங்கு, கன்னடம், வடமொழி ஆகியவற்றில் ஒன்றைப் பாடல் படிக்கும் அளவுக்குத் தேற வேண்டும். இதனால் தமிழுக்கு இடம் குறையாது. இன்று ஒப்புக்கு இருக்கும் இடம் உறுதிப்படும்.

ஏழை மாணவருக்கு இது கூடுதல் சுமை என்ற கவலைக்குத் தளியே பதில் சொல்கிறது. தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் பள்ளியில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் ஏராளம். எட்டயபுரத்து நூலையும் புரந்தரதாசரையும் தியாகராஜரையும் திறக்கும் சாவிகள் இவர்கள் வாயிலேயே இருக்கின்றன. ஆனால் சென்னையில் நடக்கும் சேர்க்கைத் தேர்வில் அந்த அறிவுக்கு மதிப்பெண் இல்லை. சிறு வயதிலிருந்து பக்கவாத்தியத்தோடு பாட வசதியிருந்த நகரத்துப் பிள்ளைதான் அங்கே முன்னால் நிற்கிறது. மொழித் தாள் வந்தால் இந்த எல்லைப்புறப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரு பாடத்தில் முன்னணியில் தொடங்குவார்கள். ஒன்றை மறைக்கக் கூடாது: பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கிய 2006-இன் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பின் இங்கே பல பிள்ளைகளுக்குத் தாய்மொழி பேசத்தான் வரும், எழுத்து தெரியாது. தெலுங்கு எழுத்தும் கன்னட எழுத்தும் நெருங்கிய உறவு. பேச்சு கைவசம் இருப்பவருக்கு எழுத்தைக் கற்பிக்க ஒரு செமஸ்டர் தாராளம். தவில், மிருதங்க மாணவருக்கு இந்தத் தாள் வேறு வடிவில் அமைய வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நாதஸ்வரக்காரருக்கு அந்த விலக்கு வேண்டியதில்லை. கீர்த்தனையின் சாகித்தியம் தெரிந்தவர் மூச்சு எடுக்கும் இடமே வேறு.

தேர்வும் எளிதாகவே அமையலாம். மாணவர் முன்பின் பார்க்காத ஒரு கிருதியை அதன் சொந்த எழுத்தில் கொடுத்து, சொல் பிரித்துப் படிக்கச் சொல்லி, பொருள் கேட்டு, நிரவலுக்கு எந்த வரியை எடுப்பாய், ஏன் என்று விசாரித்து, பிறகு அதைப் பாடச் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் போதும். செய்முறைத் தேர்வுக் குழுவில் இரண்டு இசைஞர்களுக்கு நடுவே ஒரு மொழி ஆசிரியருக்கும் நாற்காலி போட வேண்டும்; அந்த ஆசிரியர் தரும் மதிப்பெண் தேர்ச்சிக்குக் கட்டாயம் என்று விதியில் எழுத வேண்டும்.