முதலில் இன்ஜினைக் கேளுங்கள்

2018-ல் வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி காரின் 5 லிட்டர் வி8 இன்ஜின், ஷோரூமை விட்டு வரும்போதே 460 குதிரைத்திறன் தரும். ஆபீஸ் போய்வர இது போதாதா என்று கேட்டால், போதாது என்று சொல்ல அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அவர்களை நம்பித்தான் விப்பிள், ரௌஷ், வார்டெக், புரோசார்ஜர் எனப் பல நிறுவனங்கள் சூப்பர்சார்ஜர் கிட் விற்றுப் பிழைக்கின்றன.

பந்தயத்துக்கு மட்டும் ஓடும் கார் என்றால் தேர்வு எளிது. எது அதிக பவர் தருகிறதோ அதை மாட்டிவிடலாம். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சிக்னலுக்கு சிக்னல் நின்று, மாலையில் காய்கறி வாங்கி வீடு திரும்பும் காருக்கு எது சரி என்பதில்தான் சிக்கல். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் குதிரைத்திறன், இன்ஜின் 7,000 ஆர்பிஎம்மில் அலறும்போது கிடைப்பது. அன்றாட ஓட்டத்தில் ஆர்பிஎம் முள் பெரும்பாலும் 1,500-க்கும் 3,500-க்கும் நடுவிலேயே கிடக்கும். அங்கே என்ன கிடைக்கும் என்பதை அந்தக் கொட்டை எழுத்து சொல்லாது.

எல்லாம் காற்றுக் கணக்கு

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாகப் பாய்ச்சுவது சின்ன வேலை; பம்ப்பும் இன்ஜெக்டரும் பார்த்துக்கொள்ளும். காற்றைக் கூட்டுவதுதான் பெரும்பாடு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவு முழுவதையும் நிரப்பிக்கொள்ளும். ஆக, 5 லிட்டர் இன்ஜின் ஒரு சுற்றில் இழுப்பது 2.5 லிட்டர். 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 15,000 லிட்டர். எடையில் சொன்னால் 17, 18 கிலோ காற்று. இதற்கு மேல் வேண்டும் என்றால் காற்றை அழுத்தித் திணிக்க வேண்டும்.

டர்போ இந்த வேலையைப் புகைபோக்கியில் வீணாகும் வாயுவின் வேகத்தால் செய்கிறது. சூப்பர்சார்ஜரோ கிராங்க் புல்லியிலிருந்து வரும் பெல்ட்டில் ஓடுகிறது. இன்ஜின் சுற்றும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து சுற்றுவதால், ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால், அதற்கான கூலியை இன்ஜினே தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். 707 குதிரைத்திறன் தரும் டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட், முழு வேகத்தில் தன் சூப்பர்சார்ஜரைச் சுற்றுவதற்கு மட்டும் சுமார் 80 குதிரைத்திறன் செலவழிக்கிறது. ஒரு சின்ன காரின் மொத்த பவர் அது!

சும்மா இருக்கும் நேரத்தில் இந்தக் கூலியை எப்படி மிச்சம் பிடிப்பது என்ற யோசனை பழையது. 1921-ல் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் மெர்சிடிஸ் வைத்த 6/25/40 என்ற காரின் பெயரிலேயே கணக்கு இருந்தது: வரிக்கு 6, சாதாரண ஓட்டத்தில் 25, சூப்பர்சார்ஜர் சேர்ந்தால் 40 குதிரைத்திறன். மிதியைக் கடைசிவரை அழுத்தினால்தான் அது சேரும். 1986-ல் டொயோட்டா தன் எம்ஆர்2 காரில் இதே வேலைக்கு மின்காந்த கிளட்ச் வைத்தது. 1979-ல் வந்த ‘மேட் மேக்ஸ்’ படத்தில் நாயகன் விசையைத் தட்டி ப்ளோயரை, அதாவது சூப்பர்சார்ஜரை, ஓடவிடும் காட்சி மட்டும் ஒப்பனை; அந்த ப்ளோயர் இன்ஜினுக்குக் காற்றே தரவில்லை.

இப்போதைய கிட்களில் கிளட்ச்சுக்குப் பதிலாக பைபாஸ் வால்வு இருக்கிறது. மிதியை லேசாக வைத்து ஓட்டும்போது அது திறந்துகொள்ளும். ப்ளோயர் தள்ளிய காற்று அழுத்தம் ஏறாமல் அதன் வாய்க்கே திரும்பிவிடும். அப்போது அது இழுக்கும் பவர் மிகச் சொற்பம். தினமும் ஓடும் காருக்கு இந்த வால்வு இல்லாத பழைய ப்ளோயரை வாங்கவே கூடாது.

மூன்று வகை, இரண்டு குணம்

முதல் வகை ரூட்ஸ். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை வாங்கியது. அப்போது கார் ஏது? இரும்பு உலைக்குக் காற்று ஊதவும் சுரங்கத்துக்குக் காற்றோட்டம் தரவும் அது பயன்பட்டது. இரண்டு சுழலிகள் ஒன்றோடொன்று உரசாமல் எதிரெதிராகச் சுற்றி, ஓரத்தில் சிக்கிய காற்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கடத்தும். அது காற்றைத் தனக்குள் வைத்து அழுத்துவதில்லை. இன்ஜின் விழுங்குவதைவிட அதிகமாகத் தள்ளுவதால், போக இடமின்றி மேனிஃபோல்டில் காற்று நெருக்கியடிக்கிறது. பூஸ்ட் என்பது அந்த நெருக்கடிதான். ஈட்டன் நிறுவனத்தின் டிவிஎஸ் வரிசை இந்த வகையின் இன்றைய வடிவம். அதில் நான்கு இதழ் கொண்ட சுழலிகள் 160 டிகிரி முறுக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, இரட்டைத் திருகு. இதில் ஆணும் பெண்ணுமாகப் பொருந்தும் இரு திருகுகள் காற்றை நகர்த்தும்போதே நசுக்கிச் சுருக்குகின்றன. ஹெல்கேட்டில் இருப்பதும், விப்பிள் விற்பதும் இதுதான்.

மூன்றாவது, சென்ட்ரிஃப்யூகல். வார்டெக், புரோசார்ஜர் இரண்டும் இந்த வகை. கிணற்று மேட்டில் ஓடும் பம்ப்செட்டுக்குள் தண்ணீரை வீசும் விசிறி எப்படியோ, அப்படித்தான் இதுவும்: நடுவில் நுழையும் காற்றை விளிம்புக்கு வீசி, அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றுகிறது. ஆனால், வேகம் வேறு ரகம். உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் விசிறியை நிமிடத்துக்கு 50,000 சுற்றுகளுக்கு மேலும் விரட்டும்.

வகை மூன்றானாலும் ஓட்டுபவருக்குத் தெரியும் குணம் இரண்டுதான். முதல் இரண்டு வகையும் ஒவ்வொரு சுற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு காற்றைத் தள்ளும். 6,000 ஆர்பிஎம்மில் 8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு) பூஸ்ட் தருவது 2,500-லேயே அதை நெருங்கிவிடும். சென்ட்ரிஃப்யூகலின் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 6,000-ல் 8 பிஎஸ்ஐ என்றால், பாதி வேகமான 3,000-ல் நான்கில் ஒரு பங்கு, அதாவது 2 பிஎஸ்ஐ. பெட்டியில் எழுதியிருக்கும் ‘8 பிஎஸ்ஐ’ ஒன்றே. நகரத்துக்குள் ஓட்டினால் இரண்டும் வேறு வேறு கார்.

சூடு தின்னும் காற்று

காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு இது கையால் தெரிந்த பௌதிகம். வெளியே 35 டிகிரி வெயில், பூஸ்ட் 7 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 48 சதவீதம் கூடுகிறது. 55 சதவீதத் திறனுள்ள பழைய ரூட்ஸ் ப்ளோயரிலிருந்து வெளிவரும் காற்று 100 டிகிரியைத் தொடும். 75 சதவீதத் திறனுள்ள இரட்டைத் திருகோ சென்ட்ரிஃப்யூகலோ என்றால் சுமார் 84 டிகிரி. சூடான காற்று விரியும். அதனால் பழைய ப்ளோயர் 48 சதவீத அழுத்தம் ஏற்றியும், இன்ஜினுக்குக் கூடுதலாகக் கிடைத்த காற்று 22 சதவீதம்தான். இன்டர்கூலர் வைத்து 55 டிகிரிக்கு இறக்கினால் அது 39 சதவீதமாக உயரும். பூஸ்ட் மீட்டரைப் பார்த்துப் பெருமைப்படுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: மீட்டர் காட்டுவது நெருக்கடியை, காற்றின் எடையை அல்ல.

ரூட்ஸும் இரட்டைத் திருகும் வி8 இன்ஜினின் தலைமேல், கொதிக்கும் இடத்திலேயே உட்கார்கின்றன. அவற்றைக் குளிர்விக்கத் தனி ரேடியேட்டர், தனி பம்ப், தனித் தண்ணீர் வேண்டும். நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் அந்த உலோகக் கட்டி முழுவதும் சூடேறி, பிறகு மிதித்தாலும் எதிர்பார்த்த பவர் வராது. சென்ட்ரிஃப்யூகல் இன்ஜினின் பக்கவாட்டில் தொங்குவதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால், முன்பக்க இன்டர்கூலர் வேலை செய்ய எதிர்க்காற்று வேண்டும்.

பங்க்கில் என்ன கிடைக்கும்?

சூடான, அழுத்தமான கலவை தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேரும் முன்பே ஓரத்தில் தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். பிஸ்டனை உடைக்கக்கூடியது. இதனால்தான் சூப்பர்சார்ஜரோடு பிறக்கும் இன்ஜின்களின் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவை சுருக்கப்படும் விகிதத்தை, தொழிற்சாலையிலேயே குறைத்துவிடுகிறார்கள். ஹெல்கேட்டில் 9.5:1. 2020 ஷெல்பி ஜிடி500-லும் அதே 9.5:1. ஆனால் 2018 மஸ்டாங் ஜிடி, சூப்பர்சார்ஜர் இல்லாமல் பிறந்த இன்ஜின். அதன் கம்ப்ரஷன் 12:1. அதன்மேல் காற்றைத் திணிப்பவர், தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போட்டு, நல்ல பெட்ரோல் ஊற்றித்தான் தப்பிக்க முடியும்.

கலிஃபோர்னியா பங்க்குகளில் கிடைக்கும் பிரீமியம் பெரும்பாலும் 91 ஆக்டேன். வேறு பல மாநிலங்களில் 93. அமெரிக்காவில் இரண்டு சோதனைகளின் சராசரியைப் போடுகிறார்கள். நம் பங்க்கில் போடுவது அதில் கூடுதலாக வரும் ஒரு சோதனையின் எண். அவர்களுடைய 91, நம் கணக்கில் 95, 96-க்குச் சமம். 93 ஊற்றி அளந்த பவரை விளம்பரத்தில் பார்த்து வாங்கிவிட்டு 91 ஊற்றினால், ஒன்று பவரை இழக்க வேண்டும், இல்லையேல் இன்ஜினை.

கலிஃபோர்னியாக்காரருக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. அம்மாநிலக் காற்று வள வாரியம் அந்தக் கிட்டுக்கு விலக்கு ஆணை எண் கொடுத்திருந்தால்தான் சாலையில் ஓட்டலாம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதையே தடுக்கிறது.

குறை எங்கே?

மஸ்டாங்கின் 5 லிட்டர் இன்ஜின் 569 நியூட்டன் மீட்டர் டார்க் தரக்கூடியது. கீழ் ஆர்பிஎம்மிலும் அதற்கு இழுவைப் பஞ்சம் இல்லை. அங்கே மேலும் டார்க்கைக் கொட்டினால் பின்சக்கரம் வழுக்கும், கிளட்ச் தேயும். அப்படிப்பட்ட காருக்கு சென்ட்ரிஃப்யூகலின் ‘கீழே மந்தம்’ ஒரு குறையே அல்ல. ஊருக்குள் அது பழைய மஸ்டாங்காகவே நடந்துகொள்ளும். நெடுஞ்சாலையில் மிதித்தால் மட்டும் வேறு முகம் காட்டும்.

2012-ல் வந்த டொயோட்டா 86 இதற்கு நேர் எதிர். 2 லிட்டர், 200 குதிரைத்திறன், 12.5:1 கம்ப்ரஷன். அதன் 205 நியூட்டன் மீட்டர் டார்க் முழுதாகக் கிடைப்பதே 6,400 ஆர்பிஎம்முக்கு மேல். 4,000-ஐ ஒட்டி டார்க் வரைபடத்தில் ஒரு பள்ளமே விழும். அன்றாடம் முந்திச் செல்ல மிதிக்கும் இடமும் அதுதான். இதற்கு சென்ட்ரிஃப்யூகல் மாட்டினால் ஏற்கெனவே உயரமான மேடு இன்னும் உயரும், பள்ளத்தில் சொற்பமே விழும். குறைந்த பூஸ்ட்டில் ஒரு சின்ன டிவிஎஸ்ஸோ இரட்டைத் திருகோதான் இங்கே சரியான மருந்து.

எதை வாங்கினாலும் விற்பவரிடம் இரண்டு வரைபடங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, 2,000-லிருந்து 4,000 ஆர்பிஎம் வரை டார்க் எவ்வளவு கூடுகிறது. இன்னொன்று, அடுத்தடுத்து நாலைந்து முறை முழுதாக மிதித்த பிறகு இன்டர்கூலர் தாண்டி வரும் காற்றின் சூடு. கிட்டோடு இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) டியூனிங் வருகிறதா என்பதையும் பாருங்கள். காற்று கூடி பெட்ரோல் கூடாவிட்டால் இன்ஜின் வெந்துவிடும். மாட்டிய பிறகு வரும் ஆசை, ப்ளோயரின் புல்லியைச் சிறிதாக்குவது. 90 மில்லிமீட்டர் புல்லியை 80 ஆக்கினால் ப்ளோயரின் வேகம் 12.5 சதவீதம் கூடும். சென்ட்ரிஃப்யூகலில் வர்க்கக் கணக்குப்படி 8 பிஎஸ்ஐ 10-ஐத் தாண்டும். விலை மலிவான அந்தச் சின்ன வளையம், தாங்கும் வரம்பைச் சத்தமில்லாமல் கடக்க வைத்துவிடும்.

86-ன் பள்ளத்துக்கு டொயோட்டா கண்ட தீர்வைக் கவனியுங்கள். 2022 மாடல் ஜிஆர்86-ல் சூப்பர்சார்ஜரும் இல்லை, டர்போவும் இல்லை. இன்ஜினை 2.4 லிட்டராகப் பெரிதாக்கினார்கள்; 250 நியூட்டன் மீட்டர் டார்க் 3,700 ஆர்பிஎம்மிலேயே வந்துவிட்டது. குறை எது என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால், சில சமயம் சூப்பர்சார்ஜரே வேண்டியதில்லை.