பழைய காரில் முதல் வேலை எது?

பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் 1,30,000 கிலோ மீட்டர் காட்டுகிறது. முந்திய உரிமையாளர் எதை எப்போது மாற்றினார் என்பதற்குச் சீட்டு ஏதும் இல்லை. மெக்கானிக் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பட்டியல் ஒன்று எழுதித் தருகிறார்: பிரேக் ஆயில், பிரேக் பேட், டைமிங் பெல்ட், எஞ்சின் ஆயில், கூலண்ட், ஷாக் அப்சார்பர், ஏ.சி., இறங்காத கதவுக் கண்ணாடி, பம்பருக்குப் பெயிண்ட். மொத்தம் 60,000 ரூபாய். உங்கள் கையில் இருப்பதோ 25,000 ரூபாய். எங்கே தொடங்குவது?

சத்தம் போடும் பாகத்தைத்தான் பெரும்பாலோர் முதலில் சரிசெய்கிறார்கள். 'கடகட' என்னும் ஷாக் அப்சார்பரும் காற்று வராத ஏ.சி.யும் நம் கவனத்தை இழுத்துவிடுகின்றன. ஆனால் ஒரு கோளாறு எழுப்பும் ஒலிக்கும் அது விளைவிக்கக்கூடிய கேட்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. உண்மையில் மிகக் கொடியவை இரண்டும் ஓசையின்றி இருப்பவையே. அவற்றுள் முதலாவது பிரேக் ஆயில்.

பெயர்தான் ஆயில், அது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகையைச் சேர்ந்த ஒரு திரவம். (எண்ணெய்தானே என்று எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றிவிடாதீர்கள். உள்ளேயுள்ள ரப்பர் அடைப்பான்கள் ஊதிக் கெட்டுவிடும்.) பள்ளியில் படித்த பாஸ்கல் விதி நினைவிருக்கிறதல்லவா? பெடலில் உங்கள் கால் தரும் அழுத்தத்தை இத்திரவம் குறைவின்றிச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கிறது. திரவம் அமுங்காது என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

பிரேக் செய்யும் வேலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ கிராம் நிறையுள்ள கார் மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதாவது நொடிக்குச் சுமார் 22.2 மீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 3 லட்சம் ஜூல். காரை நிறுத்தும்போது இவ்வளவும் பிரேக்கில் வெப்பமாக மாறவேண்டும். ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்!

சமவெளியில் இது பெரிய தொல்லையன்று. ஒருமுறை நிறுத்தியபின் பிரேக் ஆறுவதற்கு நேரம் கிடைக்கிறது. மலைப்பாதையில் கதை வேறு. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளின் வழியே இறங்கும் வண்டி சுமார் 1,000 மீட்டர் கீழே வருகிறது. அதே காரின் நிலை ஆற்றல் குறைவது ஒரு கோடியே 17 லட்சம் ஜூல். நாற்பது லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கும் ஆற்றல். காற்றுத் தடையும் எஞ்சினும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். தாழ்ந்த கியரில் இறங்கவேண்டும் என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்வது எஞ்சினின் பங்கை உயர்த்துவதற்காகவே. மிஞ்சியதெல்லாம் பிரேக்கின் தலையில்தான் விழும்.

இப்போது அந்தத் திரவத்துக்கு வருவோம். அது காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்புடையது. ரப்பர் குழாய்களின் ஊடாகவும் ஈரம் உட்புகும். டாட் 3 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும் என்பது தர விதி. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அந்த அளவு 140 டிகிரியாகத் தாழ்கிறது. சூடேறிய சக்கரத்தருகே திரவம் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவியோ நன்றாக அமுங்கும். கால் பெடலை மிதிக்க, பெடல் தரைவரை செல்ல, வண்டி நிற்காமல் போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆறியபின் பெடல் பெரும்பாலும் பழையபடி உறுதியாகிவிடும். மறுநாள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தால் குறையே தெரியாது!

ஆகவே சீட்டு இல்லாத வண்டியில் 'மாற்றியிருப்பார்கள்' என்று எண்ணுவதைவிட 'மாற்றவில்லை' என்று எண்ணுவதே அறிவுடைமை. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம். செலவும் பட்டியலிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. பிரேக் பேட், ஸ்டியரிங் மூட்டுகள், டயர் ஆகியவையும் இதே வரிசையில் நிற்பவை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். '2317' என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் உருவானது என்று பொருள். பள்ளங்கள் ஆழமாக இருப்பினும் ரப்பர் முதுமையடைந்து வெடித்திருக்கலாம்.

ஓசையிடாத இரண்டாவது எதிரி டைமிங் பெல்ட். எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்குவதற்கும் வால்வுகள் திறந்து மூடுவதற்கும் இடையே ஒத்திசைவு வேண்டும். இவ்விரண்டையும் பிணைப்பது பல எஞ்சின்களில் ஒரு பல்வைத்த ரப்பர் பெல்ட். பெரிய அளவில் விற்பனைக்கு வந்த கார்களில் இதை முதலில் பயன்படுத்தியது 1962இல் வெளிவந்த ஜெர்மனியின் கிளாஸ் 1004. வேறு பல எஞ்சின்களில் உலோகச் சங்கிலி உண்டு. உங்கள் வண்டியில் எது என்று முதலில் கேட்டறியுங்கள். சங்கிலி என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

நிமிடத்துக்கு 3,000 சுற்றில் கிராங்க் தண்டு நொடிக்கு 50 முறை சுழல்கிறது. அந்நிலையில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் இருந்த நிலையிலேயே நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. பல எஞ்சின்களில் திறந்து நிற்கும் வால்வைப் பிஸ்டன் இடித்து வளைத்துவிடும். ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பெல்ட் எச்சரிக்கை தருவதும் அரிது.

இங்கு மாணவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. பெல்ட் மாற்ற 6,000 ரூபாயும், அறுந்தபின் எஞ்சினைச் சீராக்க 60,000 ரூபாயும் ஆகும் என்று கொள்வோம். வரும் ஓராண்டில் அறுவதற்குரிய நிகழ்தகவு 'ப' எனில், தள்ளிப்போடுவதால் எதிர்பார்க்கத்தக்க இழப்பு 60,000 × ப. 'ப' பத்தில் ஒன்றைத் தாண்டினாலே இன்று மாற்றுவது இலாபம். கையேடு குறிப்பிடும் தூரத்தைக் கடந்துவிட்ட, வயது தெரியாத பெல்ட்டை நம்பி நான் பந்தயம் கட்டமாட்டேன்.

இதே கணக்கை ஏ.சி.க்குப் போட்டுப் பாருங்கள். ஓடாத ஏ.சி.யைச் சீர்செய்ய இன்று ஆகும் செலவும் ஆறு மாதம் கழித்து ஆகும் செலவும் ஏறத்தாழ ஒன்றே. தாமதத்துக்கு விலையில்லை, வியர்வை மட்டுமே. பம்பர் பெயிண்டுக்கும் கண்ணாடிக்கும் இதுவே. ஆக, ஒரு பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்பதைவிட, அதைத் தள்ளிவைத்தால் நாளைய செலவு எவ்வளவு பெருகும் என்று கேட்பதே பயன் தரும். ஷாக் அப்சார்பர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வெறும் ஓசை என்றால் காத்திருக்கலாம். எண்ணெய் கசிந்து, மேடுபள்ளத்தில் சக்கரம் தரையைவிட்டு எழும்புகிறது என்றால் அதுவும் பிரேக்கின் வரிசைக்கு வந்துவிடும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு உராய்வு ஏது?

எஞ்சின் ஆயில் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. தாங்கிகளுக்கும் தண்டுக்கும் இடையே மெல்லிய படலமாக நின்று உலோகம் உலோகத்தைத் தொடாமல் அது காக்கிறது. கறுத்துவிட்டதாலேயே கெட்டது என்று பொருளன்று. கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வது அதன் கடமைகளுள் ஒன்று. ஆனால் எப்போது ஊற்றியது என்று தெரியாதபோது ஃபில்டருடன் மாற்றிவிடுங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் அணைந்து சில நிமிடம் கழித்து அளவுகோலை உருவிப் பார்ப்பதற்குக் காசு தேவையில்லை.

கூலண்ட் விஷயத்தில் நம்மவரிடையே ஒரு தவறான கருத்து நிலவுகிறது. 'இங்கே என்ன பனியா பெய்கிறது? தண்ணீர் போதாதா?' என்பார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு பணியே. அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் அதில் உள்ளன. அவை நாளடைவில் தீர்ந்துபோகும். சரிபாதி கிளைக்கால் கலந்த நீர் சாதாரண அழுத்தத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். பிரஷர் குக்கரைப் போல ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைக் கூட்டி அதை மேலும் உயர்த்துகிறது. (சூடாக இருக்கையில் அம்மூடியைத் திறக்கவே கூடாது.) ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றினால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவம் ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும். வெப்பம் வெளியேறாமல் அலுமினிய சிலிண்டர் ஹெட் கோணிவிட்டால், பெல்ட் அறுந்தாற்போன்ற பெருஞ்செலவுதான்.

அந்த 25,000 ரூபாயை இனி எப்படிப் பகிர்வீர்கள்? பிரேக் ஆயிலும் பேடும் முதலில், பிறகு பெல்ட், ஆயிலும் கூலண்டும் அதனோடு. பல எஞ்சின்களில் பெல்ட்டைக் கழற்றும்போது தண்ணீர் பம்பும் எட்டும் இடத்துக்கு வந்துவிடுவதால், கசிவிருந்தால் அதையும் அப்போதே மாற்றினால் ஒரு கூலி மிச்சம். பணம் மீந்தால் ஷாக் அப்சார்பர். ஒவ்வொன்றையும் மாற்றிய தேதியையும் மீட்டர் அளவையும் ஒரு சிறு நோட்டில் குறித்து வண்டியிலேயே வைத்துவிடுங்கள். ஏ.சி.யைச் சித்திரை வெயில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.