வண்ண மீன்கள் பைக்குள் சாவது ஏன்?

வண்ண மீன் வாங்குவோரும் விற்போரும் ஓரிடத்தில் கூடினால், பேச்சு சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்கும். மீன் செத்துப் போனால் நட்டம் யாருக்கு? "பையைப் பிரிக்கும்போது உயிரோடுதான் இருந்தது, ஒரு மணி நேரத்தில் மல்லாந்துவிட்டது" என்பார் வாங்கியவர். "அப்படியென்றால் உங்கள் தொட்டியில்தான் கோளாறு" என்பார் விற்றவர். இருவரும் உள்ளதைத்தான் சொல்லியிருப்பார்கள். மீனைக் கொன்றது எது என்பதுதான் இருவருக்கும் தெரிந்திருக்காது.

வண்ண மீன் ஏற்றுமதியில் சிங்கப்பூர் பல்லாண்டுகளாக உலகின் முன்வரிசையில் இருந்து வருகிறது. லிம் சூ காங், சுங்கை தெங்கா வட்டாரப் பண்ணைகளில் வளர்பவை மட்டும் இங்கிருந்து செல்வதில்லை. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மீன்களும் இங்கு வந்து சில காலம் தங்கி, பிறகு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பறக்கின்றன. பண்ணையில் பை கட்டுவது, லாரியில் சாங்கி போவது, விமானப் பயணம், அந்த ஊரில் சுங்கச் சோதனை, பிறகு கடை. எல்லாம் சேர்ந்தால் 24 மணி நேரம் முதல் 36 மணி நேரம் வரை ஆகும். விமானம் தாமதமானால் அதற்கு மேலும் ஆகும். அத்தனை நேரமும் மீனுக்கு அந்தப் பைத் தண்ணீர்தான் உலகம்.

பயணத்துக்கு முன் மீனைப் பட்டினி போடுவது பலருக்கு வருத்தமாகத் தோன்றும். ஆனால் அதுதான் முதல் பாதுகாப்பு. சிறிய மீன்களுக்கு ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை தீனி நிறுத்தப்படும்; பெரிய மீன்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாக. வயிறு காலியாக இருந்தால் பைத் தண்ணீரில் கழிவு சேராது. ஆரோக்கியமான மீன் இரண்டு நாள் பட்டினியால் சாகாது. வழியில் பசிக்குமே என்று பையில் தீனி தூவி அனுப்புகிறவர்தான் மீனுக்குக் கேடு செய்கிறார்.

பை கட்டுவதிலும் கைப்பக்குவம் உண்டு. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி இடம் முழுவதும் பிராணவாயு. சாதாரணக் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். எனவே சுத்தப் பிராணவாயு அடைத்த பை, காற்றடைத்த பையைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு தாங்கும். பையின் அடி மூலைகளை மடித்து ஒட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் சிறு மீன்கள் மூலையில் சிக்கி நசுங்கும். கெளுத்தி இன மீன்களின் முள் பையைக் குத்திக் கிழிக்கும் என்பதால் இரண்டு மூன்று பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, நடுவில் பழைய செய்தித்தாளையும் வைப்பதுண்டு. சண்டை மீனை மட்டும் ஒற்றை ஒற்றையாகத்தான் கட்ட வேண்டும். அது மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடும் மீன். பை சிறியதாக இருக்கலாம், ஆனால் தண்ணீருக்கு மேல் காற்றுக்கு இடம் இருந்தே ஆக வேண்டும்.

பைகள் நுரைப்பெட்டிக்குள் போவது வெப்பநிலைக்காக. குளிர்ந்த நீரில் மீனின் உடலியக்கம் தணிகிறது, பிராணவாயுவும் அதிகம் கரைகிறது. அதனால் வெப்பமண்டல மீன்களுக்கு நீரைச் சில டிகிரி குறைத்து அனுப்புவது வழக்கம். குளிர்நாட்டுக்குப் போகும் பெட்டியில் குளிர்காலத்தில் வெப்பப் பொட்டலம் வைப்பார்கள். அது பையை நேரடியாகத் தொட்டால் மீன் வெந்துவிடும்.

ஆனால் பிராணவாயுவும் வெப்பநிலையும் சரியாக இருந்தும் மீன் சாகிறது. காரணம் அம்மோனியா. பட்டினி கிடக்கும் மீனும் செவுள் வழியாக அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று கொடிய நஞ்சு, மற்றது அவ்வளவு கெடுதல் இல்லாதது. எது அதிகம் என்பதைத் தண்ணீரின் பிஎச் அளவு தீர்மானிக்கிறது. 25 டிகிரியில் பிஎச் 7 ஆக இருந்தால், மொத்த அம்மோனியாவில் 1,000 பங்குக்கு ஏறத்தாழ 6 பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அதுவே 50 பங்கைத் தாண்டிவிடும்.

மூடிய பைக்குள் மீன் விடும் கரியமிலவாயு தண்ணீரில் கரைந்து பிஎச் அளவைக் கீழே இறக்குகிறது. அதனால் சேர்ந்த அம்மோனியா பெரும்பாலும் தீங்கற்ற வடிவில் அடங்கிக் கிடக்கிறது. அழுக்கு நீர்தான் மீனைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறது என்றுகூடச் சொல்லலாம். பையைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேறுகிறது, பிஎச் ஏறுகிறது, அடங்கிக் கிடந்த அம்மோனியா நஞ்சாக மாறுகிறது. அந்த நேரத்தில் வாங்கியவர் என்ன செய்கிறார்? நெடுநாள் வழக்கப்படி, தொட்டித் தண்ணீரைப் பையில் கரண்டி கரண்டியாக ஊற்றி அரை மணி நேரம் "பழக்குகிறார்". கடையிலிருந்து பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்த மீனுக்கு அது பொருந்தும். ஒன்றரை நாள் பயணம் செய்த மீனுக்கு அந்த அரை மணி நேரம் எமனாகலாம்.

நெடுந்தூரம் வந்த பையைத் திறக்காமலே தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்ய வேண்டும். பிறகு திறந்து, தாமதிக்காமல் மீனை மட்டும் வலையில் எடுத்துத் தயாராக வைத்த நீரில் விட வேண்டும். பைத் தண்ணீர் கழிவுக் குழாய்க்குத்தான் போக வேண்டும். எந்த நீரில் மீன் வளர்ந்தது என்பதை விற்றவரிடம் முன்கூட்டியே கேட்டு, தொட்டி நீரை அதற்கு நெருக்கமாக வைத்திருப்பது வாங்குகிறவர் வேலை. சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமைன் இருக்கிறது. வாளியில் ஓரிரவு பிடித்து வைத்தால் அது போகாது. ஆன்டி குளோரின் மருந்து ஊற்றியே ஆக வேண்டும்.

2003இல் லிம் லியான் சுவானும் பெல்ஜிய ஆய்வாளர்களும் வண்ண மீன் பொதி முறைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வந்து சேர்ந்த பிறகு நேரும் சாவுகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. வணிக உத்தரவாதமோ பெரும்பாலும் "வந்து சேரும்போதே இறந்தவை" என்பதோடு நின்றுவிடுகிறது. பிரிக்காத பையோடு இறந்த மீனைப் படமெடுத்து, குறித்த மணி நேரத்துக்குள் அனுப்பினால்தான் பல விற்பனையாளர்கள் பணம் தருவார்கள். விதி கடுமையாகத் தோன்றினாலும் அதில் நியாயம் உண்டு. ஆனால் பையை எப்படித் திறப்பது என்று ஒரு துண்டுத்தாள் கூட வைக்காமல் அனுப்பிவிட்டு அந்த விதியை நீட்டுவது நியாயமாகாது.

அரோவானா வாங்குவோருக்கு வேறொரு கவலையும் உண்டு. ஆசிய அரோவானா சைட்டிஸ் உடன்பாட்டின் முதல் பட்டியலில் உள்ள மீன். பதிவுபெற்ற பண்ணையில் பிறந்து, உடலில் மைக்ரோசிப் பொருத்தி, சான்றிதழோடுதான் அது எல்லை தாண்ட முடியும். சிங்கப்பூரில் 2019 ஏப்ரல் முதல் இவற்றைத் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு கவனிக்கிறது. தாள்கள் சரியில்லாமல் பெட்டி விமான நிலையத்தில் தங்கினால், உள்ளே அம்மோனியா ஏறிக்கொண்டே இருக்கும்.

மீன் தொட்டிக்குள் போன அன்று விளக்கை அணைத்து வைப்பது நல்லது. இருட்டில் வந்த மீனுக்கு வெளிச்சமும் ஓர் அதிர்ச்சிதான். தீனியை மறுநாள், அதுவும் சிறிதளவு, போட்டால் போதும்.