குலா கேட்கும் பெண் எதை விட்டுக்கொடுக்கலாம்?

ஜமாஅத் அலுவலகத்தில் பிரிவுப் பஞ்சாயத்து முடியும் நேரத்தில் ஒரு பத்திரம் வரும். மஹர் வேண்டாம், இத்தா செலவு வேண்டாம், நகை பாக்கி இல்லை, பிள்ளைக்கும் செலவு கேட்க மாட்டேன் என்று பெண் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒரு தாளை என்னிடமும் சாட்சிக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். அந்தப் பெண்ணின் மடியில் இரண்டு வயதுக் குழந்தை. "எப்படியாவது விட்டால் போதும் ஹஜ்ரத்" என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

குலாவுக்கு அடிப்படையாக நாம் ஓதிக்கொடுக்கும் ஹதீஸ், ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி பற்றியது. கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ அவர் குறை சொல்லவில்லை. சேர்ந்து வாழ முடியவில்லை என்றார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அவர் சம்மதிக்கவே, பிரிவு முடிந்தது. அங்கே திரும்பியது மஹர் மட்டும்தான். தவறு கணவன் பக்கம் இருந்தால் அதை வாங்குவதும் வெறுக்கத்தக்கது என்பது ஹனஃபி சட்ட நூல்களின் நிலை. குடித்துவிட்டு அடித்த கணவனுக்கு மஹரைத் திருப்பித் தரச் சொல்லும் பஞ்சாயத்தார் இதை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

சீர் நகை மஹரில் சேராது. தாய் வீடு மகளுக்குப் போட்டது மகளின் சொத்து. மாமியார் பீரோவில் இருப்பதால் அது மாமியாருடையதாகிவிடாது. 1986ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் (விவாகரத்து உரிமைப் பாதுகாப்பு) சட்டத்தின் 3ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. திருமணத்துக்கு முன்போ, திருமணத்தின்போதோ, பின்னரோ உறவினர், நண்பர், கணவர் அவளுக்குக் கொடுத்த அனைத்தும் அவளுக்கே. கணவரிடமிருந்து விவாகரத்துப் பெற்றுக்கொண்ட பெண்ணையும் அந்தச் சட்டம் உள்ளடக்குகிறது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், பெண்ணின் தந்தை மாப்பிள்ளைக்கென்று கொடுத்த ரொக்கமும் தங்கமும்கூட அவளுக்குத் திரும்ப வேண்டும் என்று தீர்ப்பானது. அங்கே திருமணப் பதிவேடு முக்கியமான ஆதாரமாக இருந்தது.

நம் ஊர்த் தப்தர்களில் மஹர் ஒரு பவுன் என்று இருக்கும். சீராகப் போன ஐம்பது பவுன் எங்கும் இருக்காது. வரதட்சணை குற்றம் என்பதால் எழுதப் பயப்படுகிறார்கள். ஆனால் கேட்காமல் கொடுக்கும் அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. நகைக்கடை ரசீதையும் பெண் வீட்டார் பத்திரப்படுத்த வேண்டும்.

வீடு பற்றியும் கேட்கிறார்கள். கணவர் பெயரில் உள்ள வீட்டில் விவாகரத்தானதும் பாதி கிடைக்கும் என்பது தவறான எண்ணம். ஷரீஅத்திலும் இந்தியச் சட்டத்திலும் அப்படித் தானாக வரும் பங்கு இல்லை. ஆனால் அவள் நகையை அடகு வைத்துக் கட்டிய வீடு என்றால் அந்தத் தொகையைக் கேட்கலாம். அதற்கு அடகு ரசீதும் வங்கிக் கணக்கும் வேண்டும்.

என்னைக் கையெழுத்துப் போட விடாமல் தடுத்தது அந்தப் பத்திரத்தின் கடைசி வரி, பிள்ளையின் செலவு. பிள்ளையின் நஃபகா தகப்பன் மீது கடமை. குறிப்பிட்ட காலத்துக்குத் தானே பார்த்துக்கொள்வதாகத் தாய் ஏற்று குலா பெறலாம் என்று ஹனஃபி ஃபிக்ஹில் இருப்பது உண்மை. ஆனால் அவளிடம் வசதி இல்லாமல் போனால் தகப்பனையே கொடுக்க வைக்க வேண்டும் என்பதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பஞ்சாயத்தில் முதல் பாதியை மட்டும் ஓதுகிறார்கள். பிள்ளையைத் தகப்பனிடம் விட்டுவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டால் குலா செல்லும், நிபந்தனை செல்லாது. தாயிடம் வளர்வது பிள்ளையின் உரிமை. நாட்டுச் சட்டமும் இங்கே தெளிவு. 1986ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைக்கு இரண்டு வயது வரை என்றுதானே சொல்கிறது என்று ஒரு வாதம் வந்தது. பிள்ளை மேஜராகும் வரை அல்லது தன் காலில் நிற்கும் வரை, பெண் பிள்ளையானால் திருமணம் வரை, தகப்பன் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997இல் சொல்லிவிட்டது.

பிள்ளை யாரிடம் வளரும்? ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளை ஏழு வயது வரையும் பெண் பிள்ளை பருவமடையும் வரையும் தாயிடம். ஷாஃபிஈ மத்ஹபில் விவரம் தெரியும் வயது வரை தாயிடம். பிறகு பிள்ளை யாரைத் தேர்ந்தெடுக்கிறதோ அவரிடம். குடும்பநல நீதிமன்றம் 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி மத்ஹபையும் பார்க்கும். ஆனால் பிள்ளையின் நலனையே முதலில் வைக்கும். தாய் மறுமணம் செய்த உடனே பிள்ளை கைமாறிவிடும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்வதில்லை. "பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் பணம் தரமாட்டேன்" என்பதும், "பணம் தரவில்லை, அதனால் காட்டமாட்டேன்" என்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். இரண்டும் தனித்தனி வழக்கு.

இவை எல்லாம் சரியாக எழுதப்பட்டாலும் ஜமாஅத் தாள் விவாகரத்துச் சான்றாகாது. தனியார் அமைப்பு கொடுக்கும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்பநல நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. பாஸ்போர்ட்டிலோ மறுமணத்திலோ சிக்கல் வரும்போதுதான் இது பலருக்குத் தெரிகிறது. கணவர் குலாவுக்குச் சம்மதிக்கவில்லை என்றாலும் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி உண்டு. இரண்டு வருடம் செலவு கொடுக்காமல் விட்டதே போதுமான காரணம். வக்கீல் வைக்க வசதியில்லாத பெண் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.

அன்றைய தாளை மறுபடி எழுதினோம். மஹரை அந்தப் பெண் திருப்பிக் கொடுத்தார். நகைக்குத் தனிப் பட்டியல் இணைத்தோம். பிள்ளைச் செலவு வரியை அடிக்கச் சொன்னவர் மாப்பிள்ளையின் அத்தாதான். "பேரனுக்குப் பால் வாங்க மாட்டேன் என்று நானா எழுதிக் கொடுப்பேன்?" என்று மகனைப் பார்த்துக் கேட்டார். இரு தரப்பும் அந்த மாதமே குடும்பநல நீதிமன்றத்தில் மனு கொடுத்தார்கள்.