கொழுந்தின் பச்சைக்கு ஒரு ஃபில்டர்

மழை விட்ட கையோடு தலவாக்கலைப் பக்கம் நின்று மலையைப் படமெடுத்தால், கண்ட பச்சை படத்தில் வராது. தேயிலையின் மினுங்கும் மேற்பரப்பு வானத்து வெண்மையை அப்படியே திருப்பி அனுப்புவதால், சரிவு முழுவதும் சாம்பல் பூத்துக் கிடக்கும். முதன்முதலில் ஃபில்டர் வாங்கப்போகும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றே: போலரைசர் வாங்குங்கள். இலையின் மினுக்கத்தை வெட்டும் இந்த வேலையைக் கணினியில் பிறகு செய்துகொள்ள முடியாது.

லென்ஸில் பொருத்தி மெல்லத் திருப்புங்கள். பச்சை எழுந்து வருவது கண்ணுக்கே தெரியும். மேகமூட்டத்திலும் இது உதவும். மூடுபனியை மட்டும் விலக்காது. வானவில் தெரியும் நேரத்தில் கவனம், தவறான பக்கம் திருப்பினால் வானவில்லே மறைந்துவிடும். வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடும் என்பதால், கொழுந்து கிள்ளும் வேகமான விரல்களை எடுக்கும்போது ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டத்தான் வேண்டும்.

கொழுந்து பறிக்கும் அக்காமாரைக் கேட்டுவிட்டு அருகில் நின்று எடுக்கும்போது முழுவதும் திருப்பிவிடாதீர்கள். நெற்றியிலும் கன்னத்திலும் உள்ள ஒளி போய், முகம் தட்டையாகிவிடும். இலையில் வேண்டாத மினுக்கம் முகத்துக்கு வேண்டும்.

கடைக்காரர் முதலில் நீட்டுவது யு.வி. ஃபில்டராக இருக்கும். ஃபிலிம் புற ஊதாக் கதிரையும் பதிந்துகொண்டதால், உயரமான மலைகளில் அதற்குத் தேவை இருந்தது. இன்றைய கமராவின் சென்சருக்கு முன்னாலேயே அந்தத் தடுப்பு உண்டு. 1879இல் டிக்கோயாவில் காலமாகி, பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கமான புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் பயன்படுத்திய கொலோடியன் தகடுகளுக்கோ நீலமும் ஊதாவுமே தெரியும். அதில் பச்சை இருண்டும், வானம் வெளிறியும் விழும். எந்த ஃபில்டர் போட்டாலும் அது மாறியிராது.

இரண்டாவதாக வாங்கலாம் என்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் 6 ஸ்டொப் என்.டி. ஃபில்டர். 97 மீற்றர் உயர டெவன் நீர்வீழ்ச்சியை 1/125 செக்கனில் எடுத்தால் நீர் உறைந்து நிற்கும். இதைப் போட்டால் அதே வெளிச்சத்தில் அரைச் செக்கன் கிடைக்கும், நீர் இழையிழையாக இறங்கும். முக்காலி கட்டாயம்.

உங்களிடம் உள்ள லென்ஸ்களில் மிகப் பெரியதன் வாய் அளவுக்கே ஃபில்டரை வாங்குங்கள். 77 மில்லிமீற்றருக்கு வாங்கினால், 58க்கும் 67க்கும் மலிவான ஸ்டெப்-அப் வளையம் போதும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். அகலக் கோணத்தில் படத்தின் மூலைகள் கறுத்துப்போகும்.