ஒரு டிஸ்க் செத்தாலும் கணக்கு சாகாது: சர்வரில் 'மிரரிங்' எப்படி?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மரக்காணம் உப்பளங்கள் மழைநீரில் மூழ்கின. பாத்தியைச் சீர்செய்தால் அடுத்த சீசனில் உப்பு விளையும். ஆனால் லாரி லோடு, கூலி, பாக்கி என எல்லாக் கணக்கும் இருக்கிற ஆபீஸ் சர்வரின் ஹார்டு டிஸ்க் போயிடுச்சுன்னா? கடலோரத்தில் இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. டிஸ்க்கின் சர்க்யூட் போர்டையும் கனெக்டரையும் உப்புக்காற்று அரிக்கும். அடிக்கடி கரண்ட் போய் வருவது வேறு.

இதற்கு அதிகச் செலவில்லாத பாதுகாப்புதான் மிரரிங். சர்வரில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதப்படுவது அப்படியே மற்றொன்றிலும் பதியும். ஒன்று செத்தாலும் வேலை நிற்காது. 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதுபோன்ற முறைகளுக்கு 'ரெய்டு' என்று பெயர் வைத்தது. மிரரிங் அதில் 'ரெய்டு 1'.

தனி கார்டு எதுவும் வாங்க வேண்டாம். லினக்ஸில் 'எம்.டி.ஏ.டி.எம்', ஃப்ரீபிஎஸ்டியில் 'ஜிமிரர்' என இலவசக் கருவிகளே போதும். லினக்ஸில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே அளவில் பார்ட்டிஷன் போட்டு, இரண்டையும் ஒரே 'அர்ரே'யாக இணைக்க வேண்டும். ஃபைல் சிஸ்டத்தை அந்த அர்ரேயின் மேல்தான் உருவாக்க வேண்டும். அப்போது பழைய டேட்டா அழிந்துவிடும் என்பதால், முதலிலேயே வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். 'பிட்மேப்' வசதியையும் போட்டுவைப்பது நல்லது. அது இல்லாமல் திடீரென்று கரண்ட் போனால், 4 டிபி டிஸ்க்கை முதலிலிருந்து ஒப்பிட்டுச் சரிசெய்ய ஏழெட்டு மணி நேரம்கூட ஆகும்.

பலர் கோட்டைவிடும் இடம் பூட்லோடர். அது முதல் டிஸ்க்கில் மட்டும் இருந்து, அந்த டிஸ்க்கே செத்துப்போனால், டேட்டா பத்திரமாக இருந்தும் சர்வர் எழுந்திருக்காது. இரண்டிலும் நிறுவ வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, எல்லாம் நன்றாக ஓடுவதுதான். ஒரு டிஸ்க் செத்த பிறகும் ஆபீஸில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அர்ரேயின் நிலையைக் காட்டும் 'எம்டிஸ்டாட்' ஃபைலைத் திறந்தால், பக்கத்தில் பக்கமாக இரண்டு 'யு' இருக்க வேண்டும். ஒன்று அடிக்கோடாக மாறியிருந்தால் அந்த டிஸ்க் அர்ரேயில் இல்லை. தினமும் யார் அதைத் திறந்து பார்ப்பார்கள்? கருவியின் 'மானிட்டர்' வசதியில் மின்னஞ்சல் முகவரி கொடுத்து, டெஸ்ட் மெயில் உண்மையிலேயே வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். 2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனத்தில் தவறுதலாக டேட்டாபேஸ் அழிக்கப்பட்டபோது, பேக்கப் பல நாளாக ஓடவே இல்லை என்பது தெரியவந்தது. அதை எச்சரிக்கும் மெயில்கள் யாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. சுமார் ஆறு மணி நேர டேட்டா போனது.

சரி, மிரரிங் இருக்கே, பேக்கப் எதுக்கு? ஃபைலைத் தெரியாமல் அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். ரேன்சம்வேர் பூட்டினாலும் அப்படியே. வெள்ளம் ஆபீஸுக்குள் வந்தால் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே நனையும். அதனால் மூன்றாவதாக ஒரு டிஸ்க்கில் வாரம் ஒருமுறை காப்பி எடுத்து, கடலைவிட்டுத் தள்ளி, திண்டிவனம் போன்ற ஊரில் வைத்திருப்பது நல்லது.